கொசு உள்ளானுக்கு ஒரு கரண்டி!

ஒரு உண்மையைச் சொல்லுங்க பாஸ். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப்ல யங்ஸ் மாடுலஸ் கண்டுபிடிச்சீங்களே... அந்த ரீடிங் எல்லாம் நிஜமாவே கண்ணால பார்த்து எடுத்ததுதானா?

நான் எடுத்ததில்லை. சபை நடுவே ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேலில் ஒவ்வொரு வெயிட்டாக ஏற்றி, டிராவலிங் மைக்ராஸ்கோப் வழியாகத் தலைகீழாகத் தெரியும் குண்டூசி முனையைக் குறுக்குக் கம்பியில் பொருத்தி... அதற்குள் பாதி பீரியட் ஓடிவிடும். வெயிட் ஏற்றும்போது ஒரு ரீடிங், இறக்கும்போது ஒரு ரீடிங் எடுக்கணும். நம்ம டெக்னிக்கே வேற. ஏற்றும்போது உள்ளதை ஏனோதானோ என்று எடுப்பது. இறக்கும்போது உள்ளதை, கடைசி இலக்கத்தில் மட்டும் லேசாகக் கை வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவது. விடைதான் முன்னாடியே தெரியுமே! விடையிலிருந்து ரீடிங்குக்கு ரிவர்ஸ்ல வந்தால் கிராஃப் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேர்க்கோட்டில் நிற்கும். சாரும் 'வெரி குட்' போட்டுக் கையெழுத்து வைப்பார்.

இந்த வித்தையைப் போன ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோடியக்கரையில் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கரூர்ப் பக்கம். கடலைப் பார்த்ததே நாகப்பட்டினம் பக்கம் இன்ஜினீயரிங் சீட் கிடைத்த பிறகுதான். பறவை என்றால் எனக்குக் காக்கா, குருவி, கோழி, அப்புறம் கே.எஃப்.சி. அவ்வளவுதான் ஞானம். எங்க காலேஜ் நேச்சர் கிளப்பில் நான் சேர்ந்ததற்குக் காரணம் என்.எஸ்.எஸ்.ஸில் இடம் இல்லாததுதான். கிளப்புக்கு மொத்தமே ஏழு பேர். ரெண்டு பைனாகுலர், காலம் போன ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதைத் தூக்கி நிறுத்த ஒரு கால் ஆடும் ஸ்டாண்டு.

இதையெல்லாம் கட்டி மேய்ப்பது ஃபைனல் இயர் சிவில் படிக்கும் ஓர் அக்கா. நாகையிலிருந்து தினமும் வந்து போகும் டே ஸ்காலர். அப்பாவுக்குக் கடல் தொழில். அக்கா பார்க்க ரொம்ப சாது. ஆனால் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து, திரும்பிப் பார்க்காமலே பறவைப் பெயர் சொல்லும். மூன்று வருஷமாக ஒவ்வொரு சீசனுக்கும் கோடியக்கரைக்குப் போகிறார். ஒரே ஒரு பறவைக்காக.

அந்தப் பறவையின் பெயர் ஸ்பூன்பில்டு சாண்ட்பைப்பர். நாங்கள் கரண்டிமூக்கு உள்ளான் என்போம். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அலகின் நுனி மட்டும் தட்டையாக, சின்ன டீ ஸ்பூன் மாதிரி விரிந்திருக்கும். முட்டையிலிருந்து வெளியே வரும்போதே குஞ்சுக்கு அந்தக் கரண்டி இருக்குமாம்! ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோட்கா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி பங்களாதேஷ், மியான்மர், தாய்லாந்து, தென் சீனா என்று இறங்கி வரும். உலகத்திலேயே இன்னும் மிச்சம் இருப்பது சில நூறுதான். எங்க காலேஜ் மெஸ்ஸில் ஒரு வேளைக்குச் சாப்பிடும் கூட்டம் அதைவிட அதிகம். 1980களில் கோடியக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. அக்கா தேடுவது அதன் வாரிசைத்தான்.

ஏன் இப்படிக் குறைந்துபோச்சு என்று பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"வர்ற வழியில மஞ்சள் கடல் ஓரத்துல சேத்துல இறங்கி இரை எடுக்கும். தென் கொரியாவுல சேமன்கம்னு ஒரு இடம். அங்க சுமார் 33 கிலோமீட்டருக்குக் கடல்லயே சுவர் கட்டிட்டாங்க. 2006ல வேலை முடிஞ்சுது. சேறு போச்சு. போதாக்குறைக்கு மியான்மர்ல வலை" என்றவர், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எங்க டிபார்ட்மென்ட்ல அந்தச் சுவரைத்தான் உலகத்துலயே நீளமான கடல் சுவர்னு படம் போட்டுக் காட்டினாங்க. நான்கூடக் கை தட்டுனேன்" என்றார்.

விடிகாலை 4 மணி பஸ். வேளாங்கண்ணியில் பாதி பஸ் காலி. நாங்கள் ஏழு பேரும் கடைசி சீட்டில். வழியில் 'வேட்டைக்காரனிருப்பு' என்று ஓர் ஊர் போர்டு வந்தது. பறவை பார்க்கப் போகிற வழியில் இப்படி ஒரு பேரா என்று என் ரூம்மேட் சிரித்தான். (அவன் வந்தது மீன் சாப்பாட்டுக்கு. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். நேர்மையானவன்.) அந்த ஊர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

வேதாரண்யத்தில் இறங்கி டவுன் பஸ். அகஸ்தியம்பள்ளியைத் தாண்டும்போது இன்னும் முழுசாக விடியவில்லை. ரெண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள், நடுநடுவே கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு அள்ளியது இங்கேதான், நினைவுத் தூண் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்த இடம் ஜன்னல் வழியாகக் கடந்து போவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

கோடியக்கரை என்றதும் உங்களுக்குப் பூங்குழலிதானே ஞாபகம் வரும்? எனக்கும் அதேதான். வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு போய்ப் புதைசேற்றில் மாட்டிக்கொள்ளும் அந்த இடம்! 'பொன்னியின் செல்வ'னில் வரும் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொண்டு பழைய சோழர் கலங்கரை விளக்கம் எங்கே என்று விசாரித்தால், 2004 சுனாமியில் அது இடிந்து, இப்போது வெறும் செங்கல் குவியல்தான் மிச்சம் என்றார்கள். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அனுமதிக் கடிதத்தை அக்கா முன்னாடியே வாங்கி வைத்திருந்தார். வனத்துறையிலிருந்து ஒரு காவலர் அண்ணன் கூடவே வந்தார். காட்டுக்குள் நுழைந்ததும் முதல் அதிர்ச்சி, அது காடு மாதிரியே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி வானுயர மரங்கள் கிடையாது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, கடல்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். அன்றைக்குச் சாய்ந்த பெரிய மரங்களின் அடிக்கட்டைகளைக் காவலர் அண்ணன் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு இறந்துபோன சொந்தக்காரர்களின் போட்டோவைக் காட்டுவது மாதிரி இருந்தது.

திடீரென்று அக்கா கையைத் தூக்கினார். எல்லோரும் சிலை. காய்ந்த சருகு மேல் ஏதோ ஒன்று தத்தித் தத்திப் போனது. பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் ஒரு கீற்று நீலம். வாலே இல்லாத மாதிரி குட்டி வால்.

"ஆறுமணிக்குருவி" என்று கிசுகிசுத்தார் அக்கா. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் ரெண்டு சுரத்தில் விசிலடிக்குமாம், அதனால்தான் அந்தப் பேர். மணி பார்த்தேன். 6.50. கொஞ்சம் லேட், பரவாயில்லை. என் ரூம்மேட் அன்றைக்கு முதல்முறையாகப் பல் விளக்கியவன் மாதிரி விழித்துக்கொண்டு, "மச்சி, இதுக்கு யார்டா பெயின்ட் அடிச்சது?" என்றான்.

அடுத்து புல்வெளி. வெளிமான்கள்! 1967-ல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே அவற்றைக் காப்பாற்றத்தான். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு திருகுத் திருகாக ஸ்க்ரூ மாதிரி. பேருக்கு ஏற்ற மாதிரி மரத்தடியில் ஒளியாமல் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தன. பக்கத்திலேயே ஒரு குதிரைக் கூட்டம். எப்போதோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போன குதிரைகளின் பேரன் பேத்திகள், இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. பார்க்க சினிமா மாதிரி அழகு. ஆனால் மானுக்கும் அதற்கும் ஒரே புல்தான் என்பதால் அவற்றைப் பார்த்தால் அக்காவுக்குச் சந்தோஷம் வருவதில்லை.

ஒன்பதரைக்கு ஒரு லோடு ஆட்டோ பிடித்து, உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸ் பக்கம் போய் இறங்கினோம். அங்கிருந்து நடை. எதிரே எதுவுமே இல்லை. வானம், தண்ணீர், சேறு. மூன்றுக்கும் நடுவே கோடு எங்கே என்றே தெரியவில்லை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நீளக் கோடு மட்டும் லேசாக ஆடியது.

"பூநாரை" என்றார் அக்கா. எத்தனை இருக்கும் என்று கேட்டதற்கு, "நீயே எண்ணு" என்று நோட்டை நீட்டினார். எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கு. முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணணும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணில் பிடிச்சுக்கணும். பிறகு அதையே ஸ்கேலாக வைத்துக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போகணும். நான் 410 என்றேன். அக்கா 430 என்றார். ரூம்மேட் 'நிறைய' என்றான்.

சின்னப் பறவைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. சேற்று விளிம்பில் எலி ஓடுகிற மாதிரி குடுகுடுவென்று ஓடும் கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே எண்ணச் சொன்னார். "கரண்டிமூக்கு இருந்தா இதுங்க கூட்டத்துக்குள்ளதான் கலந்து நிக்கும். அதே சைஸ், அதே சாம்பல் கலர், அதே கறுப்புக் காலு. பக்கவாட்டுல பார்த்தா கரண்டியே தெரியாது. நேருக்கு நேர் மூஞ்சியைக் காட்டினாத்தான் உண்டு."

அதனால் ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்தோம். ரேஷன் கடை க்யூவில் ஆள் தேடுகிற மாதிரி. 84, 85, 86 வரை எண்ணினேன். எல்லாமே கொசு உள்ளான்தான். வெயில் ஏறியது. மற்ற நாலு பேரும் பவளக்காலியைப் போட்டோ எடுக்கப் போனார்கள். அக்கா இருநூறு அடி தள்ளி, பைனாகுலரோடு பூநாரைக் கூட்டத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கோப்பில் நான் மட்டும்.

மணி 10.40. ஒரு கொசு உள்ளான் ஓடி வந்து நின்று, நேராக என்னைப் பார்த்தது.

அலகின் நுனியில் கறுப்பாக, தட்டையாக, விரிந்து... கரண்டி!

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. நான் பார்த்தேன். காதுக்குள் என் நெஞ்சு அடித்தது. பறவை பார்க்கும்போது கத்தவே கூடாது என்பது கிளப்பின் முதல் ரூல். "அக்காஆஆ..!" என்று கத்தினேன். மொத்தக் கூட்டமும் ஒரே உதறலில் எழும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்பி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அக்கா முழங்கால் வரை சேற்றில் புதையப் புதைய ஓடி வந்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. வந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நோட்டைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"காலு?"

"கறுப்பு."

"எவ்வளவு நேரம் பார்த்தே?"

"ரெண்டு மூணு செகண்டுக்கா."

"இரை எடுத்துச்சா? எப்படி எடுத்துச்சு?"

இங்கேதான் பாஸ்.

அது இரை எடுத்ததை நான் பார்க்கவே இல்லை. வந்தது, நின்றது, பார்த்தது, பறந்தது. அவ்வளவுதான். ஆனால் முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு, கரண்டிமூக்கைப் பற்றிப் படித்திருந்தேன். கொசு உள்ளான் டக் டக்கென்று கொத்தும், கரண்டிமூக்கோ தலையைக் குனிந்து அலகைச் சேற்றில் இப்படியும் அப்படியும் துழாவும். அதாவது விடை எனக்கு முன்னாடியே தெரியும். கேள்விதான் அப்போது வந்தது.

"பக்கவாட்டுல ஆட்டி ஆட்டி எடுத்துச்சுக்கா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லேப்பில் மூன்று வருஷப் பழக்கம். கை தானாகவே கடைசி இலக்கத்தை மாற்றிவிடுகிறது.

அக்கா எழுதுவதை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. "நீ பார்த்துட்டடா" என்றார். நான் "நீங்க பார்க்கலையேக்கா" என்றேன். "நான் பார்க்கலைன்னா என்ன, இங்க இருக்குல்ல!" என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் அந்தச் சேற்றில் நின்றபடியே அவங்க அப்பாவுக்குப் போன் போட்டார். சிக்னல் ஒரு கோடுதான். "அப்பா, இருக்குப்பா... ஆமாப்பா... எங்க பையன் ஒருத்தன் பார்த்தான்!"

எங்க பையன். அது நான்தான்.

அன்றைக்கு மதியம் மீன் குழம்பு சாப்பாடு. என் பில்லை அக்கா கொடுத்தார். ரூம்மேட் பொறாமையில் ரெண்டாவது வறுத்த மீன் வாங்கித் தன் செலவிலேயே சாப்பிட்டான். காவலர் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலேஜ் வந்து மூன்று வருஷத்தில் நான் எதிலும் முதலாக வந்ததில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் எப்படி இருந்தது தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள், கை கழுவும் இடத்தில் கண்ணாடியில் என்னையே ரெண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் அதே இடம். ஒரு தரம் வந்தது மறுபடி வரும் என்று ஸ்கோப்பை நட்டு வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில், ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்... தண்ணீர் குடிக்கக்கூட லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேலே ஒரு விராலடிப்பான் காலில் மீனோடு போனது. நாங்கள் எல்லாம் வாயைப் பிளந்தோம். அக்கா பார்க்கவில்லை.

மூன்றேகால் மணிக்கு நான் கொஞ்சம் ஒதுங்கப் போனேன். (எழுதக் கூடாதுதான். ஆனால் இன்றைக்கு உண்மையை மட்டுமே எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.) சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் ஒரு சின்னக் குட்டை. அதன் ஓரத்தில், பதினைந்து அடி தூரத்தில், எட்டு கொசு உள்ளான்கள். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூக்கினேன்.

அதில் ஒன்றுக்குக் கரண்டி இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இந்தத் தடவை அது எங்கேயும் ஓடவில்லை. சேற்றில் டக் டக் டக் என்று கொத்தியது. பிறகு ரெண்டு எட்டு வைத்துத் தண்ணீருக்குள் இறங்கி, அலகை முக்கித் தலையை ஓர் உதறு உதறியது. கரண்டி கழன்று தண்ணீரில் விழுந்தது.

சேறு. நுனியில் அப்பியிருந்த ஒரு சின்னச் சேற்று உருண்டை. உள்ளே ஊசி மாதிரி கூர்மையான கறுப்பு அலகு. சாதாரண, அக்மார்க் கொசு உள்ளான்.

காலையில் பார்த்ததும் இதேதானா என்று கேட்டால், ஒரே பறவை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அடிவயிற்றில் தெரிந்துவிட்டது. காலையில் பார்த்த அதே கறுப்பு, அதே பளபளப்பு, அதே வட்டம்.

புதருக்குப் பின்னாலேயே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரும் பார்க்கவில்லை. எனக்கும் எட்டுப் பறவைகளுக்கும் மட்டுமே தெரியும். திரும்பி வந்தேன். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா, "அந்தப் பக்கம் ஏதாவது?" என்றார்.

"ஒண்ணும் இல்லைக்கா."

ஐந்தரைக்குக் கிளம்பினோம். வேதாரண்யத்தில் நாகை பஸ் பிடித்தபோது இருட்டிவிட்டது. அக்கா எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போனில் அன்றைய பட்டியலை ஏற்ற ஆரம்பித்தார். இ-பேர்ட் தெரியும்தானே? எங்கே, என்றைக்கு, எந்தப் பறவை, எத்தனை என்று உலகம் முழுக்க ஆட்கள் பதிவு போடுவது. நாலு பூநாரையைக் கூட்டிப் போட்டால் அது ஒன்றும் சொல்லாது. அரிய பறவை ஒன்றைப் போட்டால் மட்டும் 'விவரம் எழுது' என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். அதைத் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்வார்கள்.

"பார்த்தது நீ. நீயே எழுது" என்று போனை என் கையில் கொடுத்தார் அக்கா.

கட்டம் காலியாக இருந்தது. உள்ளே ஒரு சின்னக் கோடு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. 'காலை 10.40' என்று அடித்தேன். 'நேராகப் பார்த்தது' என்று அடித்தேன். 'அலகைப் பக்கவாட்டில்' வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் கட்டைவிரல் நகரவில்லை. ஜன்னலில் தெரு விளக்கு வெளிச்சத்தில் ஒரு போர்டு வந்தது. வேட்டைக்காரனிருப்பு.

"அக்கா, அது சேறு" என்றேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். புதர், குட்டை, உதறல், உருண்டை. அக்கா ஒன்றும் பேசவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடியே வந்தார். ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. திருப்பூண்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சேறு ஒட்டினா யாருக்கும் அப்படித்தாண்டா தெரியும். நானே ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன். அதனாலதான் இரை எப்படி எடுத்துச்சுன்னு கேட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆட்டி ஆட்டி எடுத்துச்சுன்னு சொன்னியே."

"புக்குல படிச்சதுக்கா."

அப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சந்தேகம்னு எழுதிட்டுப் போயிருப்பேன். ரெண்டு மணி நேரம் அந்த வெயில்ல உட்கார்ந்திருக்க மாட்டேன். நீ மூணேகாலுக்கே வந்து சொல்லியிருந்தா அப்பவாவது எந்திரிச்சிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது மாதிரி, "அப்பாகிட்ட வேற சொல்லிட்டேன்" என்றார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. இப்போதும் இல்லை.

வேளாங்கண்ணியில் பஸ் நின்றது. மெழுகுவர்த்தி, மாலை, பொரி எல்லாம் ஜன்னலுக்கு வந்து போயின. அக்கா என் கையிலிருந்த போனை வாங்கினார். கரண்டிமூக்கு உள்ளான் 1 என்று இருந்த வரியை அழித்தார். பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"காலையில எண்ணினப்ப அதைச் சேர்த்தியா?"

"இல்லைக்கா. 86 எண்ணின பிறகுதான் அது வந்துச்சு."

'கொசு உள்ளான் 86' என்பதை 87 ஆக்கினார். அனுப்பினார்.

பின் சீட்டிலிருந்து என் ரூம்மேட் தலையை நீட்டினான். அவ்வளவு நேரம் தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். "அக்கா... அப்போ அந்த மீன் குழம்பு பில்லு?" என்றான்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை என் பக்கம் நீட்டினார். பர்ஸைத் திறந்தேன்.